சொல்லாமல் இறங்கினவள்

சிவப்ரியாவுக்கு இங்கிலீஷ் வராது என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷமாக நர்ஸ். அயர்லாந்துக்குப் போவதற்கான எழுத்துத் தேர்வு, கேட்கும் தேர்வு எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே ஊதித் தள்ளியவள். அப்படிப்பட்டவள் அங்குள்ள ஒரு முதியோர் ஆஸ்பத்திரியின் நேர்காணலில் மட்டும் இரண்டு தடவை மண்ணைக் கவ்வினாள். அதுவும் நேரில் போய் நிற்கிற நேர்காணல் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை தோற்றபோது மதிப்பெண் மட்டும் வந்தது. இரண்டாவது தடவை கூடவே ஒரு வரியும் எழுதியிருந்தார்கள். பேச்சை முடிக்காமல் பாதியில் விலகிவிட்டார் என்று. மூன்றாவது தடவைதான் கடைசி வாய்ப்பு என்றும் கீழே இருந்தது.

இந்த வேலை கிடைத்தால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழே இருக்கலாம். சிவப்ரியாவின் புருஷன் சுனில் தோஹாவில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் ஊரில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. நாலு வயது மகளுக்கு அப்பா என்றால் போன்தான். சாப்பிடும்போது போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் ஒரு வாய் சோறும் உருட்டி வைப்பாள். அயர்லாந்து வேலை கிடைத்தால் குடும்பத்தோடு போகலாம் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு அவள் கோட்டாற்றில் குளோரி மிஸ் நடத்தும் வகுப்பில் சேர்ந்தாள். மளிகை மொத்தக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. கீழே வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரித்தால் மேலே எல்லோரும் தும்முவார்கள். குளோரிக்கு முப்பத்திநாலு வயது. திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் வெள்ளைக்காரர்களின் திட்டைப் போனில் கேட்டுக் கேட்டு இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவள். இலக்கணப் புத்தகத்தைக் கண்ணில் காட்ட மாட்டாள். மேஜைமேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், அதற்குள் மடித்த துண்டுச் சீட்டுகள். தினமும் ஒருவர் ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதில் ஒரு விஷயம் எழுதியிருக்கும். அதைப் பற்றி எல்லோரும் பேசியாக வேண்டும். போர்டில் பத்துப் புது வார்த்தைகளை எழுதிவிடுவாள். ஆளுக்கு மூன்றையாவது பேச்சில் போடாமல் படி இறங்க முடியாது. நடுவில் தமிழ் பேசினவர்கள் மறுநாள் எல்லோருக்கும் ரசவடை வாங்கி வர வேண்டும்.

ஆரம்பத்தில் குளோரியும் புத்தகத்தில் போட்டிருந்த விஷயங்களைத்தான் எழுதி வைத்திருந்தாள். உங்கள் கனவு விடுமுறை எது என்று ஒரு சீட்டு. அதைக் கொட்டாரத்தில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருக்கும் பொன்னுலிங்கம் எடுத்தார். 'நான் லீவு எடுத்ததே இல்லை' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே குளோரி பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தாள். பஸ்ஸில் சீட் பிடிக்கக் கர்ச்சீப் போடுவது நியாயமா, கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தி ஏன் மட்டம், மழை எப்போது நிற்கும் என்று யாரைக் கேட்பது. அதற்குப் பிறகு பொன்னுலிங்கத்தை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. 'நெவர்தெலெஸ்' என்ற வார்த்தை எப்படியோ அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. எதைச் சொன்னாலும் நடுவில் அதை ஒரு தடவை செருகாமல் விடமாட்டார்.

சிவப்ரியாவுக்கு வந்த தோல்விக் கடிதத்தைப் படித்துப் பார்த்த குளோரி, "பாதியில வார்த்தை கிட்டாம நின்னுருக்க, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். நின்றது துக்கச் செய்தி சொல்லும் கட்டத்தில் என்பதால், ஆறுதல் சொல்லும் வார்த்தைகளாகவே நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். சிவப்ரியா தன் ஊரான கொட்டாரத்திலிருந்து வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே அவற்றை மனப்பாடம் செய்தாள். இரண்டு மாதத்தில் துக்கத்துக்கு மட்டும் இங்கிலீஷில் நாற்பது வார்த்தை அவளுக்குத் தெரியும். தமிழில் அதற்குப் பாதிகூடத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

கடைசி நேர்காணலுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம், கல்லூரியில் படிக்கும் நந்தனா சீட்டை எடுத்தாள். வந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது எப்படி விடைபெறுவது என்று அதில் இருந்தது. அதன்பின் நடந்த பேச்செல்லாம் இங்கிலீஷில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்பேர்ப்பட்ட இங்கிலீஷ் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

"எங்கள் வீட்டில் விடைபெற அரை மணி நேரம் ஆகும்" என்று நந்தனா ஆரம்பித்தாள். "அம்மா உள்ளே ஒரு தடவை சொல்லுவாள். வாசலில் ஒரு தடவை. கேட்டில் ஒரு தடவை. ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்த பிறகுதான் முக்கியமான விஷயத்தையே பேச ஆரம்பிப்பாள். அப்பா பெட்ரோலை எரித்துக்கொண்டு நிற்பார்."

பொன்னுலிங்கம் கையைத் தூக்கினார். "கல்யாண வீடு என்றால் சொல்லாமல் கிளம்பவே கூடாது. பெண்ணைப் பெற்றவனைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சாப்பிட்டானா, கோபமா என்று ஒரு வருஷம் பேசுவார்கள். நெவர்தெலெஸ், துட்டி வீட்டில் சொல்லவே கூடாது."

"ஏன்?" என்றாள் குளோரி. தெரியாமல் கேட்கவில்லை. அவரைப் பேச வைக்கத்தான்.

"செத்த வீட்டில் நின்றுகொண்டு போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால் என்ன அர்த்தம்? அடுத்த சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். அதனால் நான் திருடன் மாதிரி எழுந்து போய்விடுவேன். யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பேச இடம் கிடைத்த சந்தோஷத்தில் சிவப்ரியாவும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அது மரியாதை. நான் நேர்காணலில்கூட அப்படித்தான் மரியாதையாக நடந்துகொண்டேன்" என்றாள்.

போர்டில் எழுதிக்கொண்டிருந்த குளோரியின் கை அப்படியே நின்றது. திரும்பினாள். வகுப்பின் சட்டத்தை அவளே உடைத்தாள்.

"ஏட்டி, என்ன செஞ்சேன்னு சொன்ன?"

"சொல்லாம எந்திச்சேன் மிஸ்."

"எந்திச்சு?"

"வெளிய போயிட்டேன்."

"எதுக்கு வெளிய போன?"

"கேள்வி கேக்க அம்மா நோயாளிக்க மகளா நடிப்பாங்க. அவங்க அப்பா செத்துப் போனாருன்னு நாந்தான அவங்ககிட்ட சொல்லணும். அதான் குடுத்த கதை. சொன்னேன். கொஞ்ச நேரம் கூட இருந்தேன். பெறகு எந்திச்சேன்."

"லேப்டாப்ப மூடுனியா?"

"அதெப்படி மிஸ் மூஞ்சிக்கு நேரா மூடுயது? அவங்க துக்கத்துல இருக்காங்கல்லா. அப்படியே வச்சிட்டு அடுக்களைக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா கட் ஆயிருந்துது."

"மொதத் தடவை?"

"மொதத் தடவையும் சாவுதான். வயசானவங்க ஆஸ்பத்திரில்லா, அது கண்டிப்பா கேப்பாங்கோ."

குளோரி சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். நந்தனாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரிக்காதவர் பொன்னுலிங்கம் மட்டும்தான். "பிள்ளை செஞ்சதுல என்ன தப்பு? சரியாத்தான செஞ்சிருக்கா" என்றார். ரசவடை விஷயத்தில் அன்றைக்கு மொத்த வகுப்பும் கடனாளி.

சிவப்ரியாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஏழு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். செய்தியைச் சொல்வாள், கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பிறகு ஓசைப்படாமல் நகர்ந்துவிடுவாள். ஒருத்தர்கூட ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்டதில்லை. சொல்லியிருந்தால்தான் அடி விழுந்திருக்கும். ஆனால் வெட்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. தனக்கு மூளை மட்டம், நாக்கு தடித்துவிட்டது என்று இரண்டு மாதமாக அவள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். அது எதுவும் இல்லை. எழுந்து போனதுதான் தப்பு. அன்றைக்கு ராத்திரி அவள் பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

தப்பு எதுவென்று தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம் என்று குளோரி நினைத்தாள். இரண்டே வாக்கியம். டேக் கேர் என்று ஒன்று, குட்பை என்று ஒன்று. சிவப்ரியா மற்றதையெல்லாம் அருமையாகச் சொல்லுவாள். அந்த இடம் வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய அப்பா தாணுலிங்கம் இறந்தபோது பஹ்ரைனிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் நாகேந்திரன் வந்தான். நல்ல பையன். ஓடியாடி எல்லா வேலையும் செய்தான். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, "செரி சித்தி, சீ யூ" என்று சொல்லிவிட்டான். வீடே உறைந்து போனது. அடுத்த மாதமே பெரியப்பா போய்ச் சேர்ந்தார். பெரியப்பாவுக்கு எண்பத்தாறு வயது என்பதையும், படுக்கையில் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது என்பதையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சிவப்ரியாவின் அம்மா அழகியநாயகி அன்றிலிருந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சொல்லிட்டுப் போனவன்' என்றுதான் சொல்லுவாள்.

குளோரி விடவில்லை. தினமும் ஒத்திகை. துக்கத்தில் இருப்பவராக நடிக்கப் பொன்னுலிங்கம் தானாகவே முன்வந்தார். ஒரே வாரத்தில் அவர் குடும்பத்தில் பதினோரு பேர் செத்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் ஒப்பாரி வைத்ததில் கீழே மளிகைக் கடைக்காரர் ஒரு நாள் படியேறி வந்து என்னவென்று விசாரித்துவிட்டுப் போனார். சிவப்ரியா ஆறுதல் சொல்லுவாள், தண்ணீர் கொடுப்பாள், கடைசியில் ஊமையாகிவிடுவாள்.

"மக்களே, அழுது அழுது எனக்குத் தொண்டை கட்டிட்டு" என்றார் பொன்னுலிங்கம் ஒரு நாள். "ஒரு குட்பை சொல்லி என்னைய விடப்பிடாதா?"

"வரமாட்டேங்குதே அண்ணாச்சி" என்றாள். "அந்த எழவு வார்த்தையிலதான் எம்பிள்ளைக்கு அப்பா கெடைக்கது தொங்குதுன்னு தெரியும். தெரிஞ்சும் வரமாட்டேங்குது."

பொன்னுலிங்கம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அவளைக் கேலி செய்யவில்லை.

நேர்காணல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு. வீட்டில் நெட் நம்பகமாக இருக்காது என்பதால் குளோரியின் வகுப்பறையிலேயே ஏற்பாடு. மிளகாய் மூட்டையைப் பிரிக்க வேண்டாம் என்று மளிகைக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். குளோரி லேப்டாப்பைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, "நான் வெளிய படியிலதான் இருப்பேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

திரையில் மோரின் என்ற தலைமை நர்ஸ் வந்தார். நரைத்த முடி, சிவந்த மூக்கு, கண்டிப்பான முகம். போன இரண்டு தடவையும் இதே அம்மாள்தான். மருந்து, காயத்துக்குக் கட்டுப் போடுவது, படுக்கைப் புண் என்று கேட்டார். சிவப்ரியா தண்ணீர் பட்ட பாடாகப் பதில் சொன்னாள். பிறகு அவர் காகிதத்தைப் புரட்டினார். "நான் ஒரு நோயாளியின் மகள். என் அப்பா அரை மணி நேரத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்ல வேண்டும்."

சிவப்ரியா சொன்னாள். மனப்பாடம் செய்த நாற்பது வார்த்தைகளில் நாலுகூடத் தேவைப்படவில்லை. உங்கள் அப்பா இறந்துவிட்டார், வலி இல்லை, நான் பக்கத்தில் இருந்தேன் என்று மூன்று வாக்கியம். மோரின் அழவில்லை. கைப்பையைத் தேடுவதுபோல அங்குமிங்கும் பார்த்தார். ஏழு வருஷத்தில் சிவப்ரியா எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறாள். செய்தி காதில் விழுந்ததும் பலர் முதலில் தேடுவது பையையோ செருப்பையோதான். பொன்னுலிங்கத்துக்கு அது தெரியவில்லை. இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

எழுந்திருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. சிவப்ரியாவின் கால்கள் தாமாகவே தரையில் ஊன்றின. குட்பை என்று சொல்லு, சொல்லித் தொலை என்று மனதுக்குள் கத்தினாள். வார்த்தை வரவில்லை. சரி, வராது, வராததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதைக் கைவிட்டாள். கைவிட்டதும் மூச்சு சீராக வந்தது.

"உங்களைக் கூட்டிப் போக யார் வருகிறார்கள்?" என்று கேட்டாள்.

"என் தம்பி. அவன் வர இரண்டு மணி நேரம் ஆகும்."

"அப்படியென்றால் அதுவரை நான் உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்."

மோரின் புருவத்தை உயர்த்தினார். "உங்கள் வார்டில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். இங்கேயே உட்கார்ந்திருக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. எந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸை இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார விடுவார்கள்? சிவப்ரியா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"முடியாது" என்றாள். "அவர்களை நான் பார்க்க வேண்டும். நான் போய்விட்டு வருகிறேன். இருபது நிமிஷத்தில் வருவேன். உங்கள் தம்பி வரும்வரை வந்துகொண்டேதான் இருப்பேன். நீங்கள் என்னைத் தேட வேண்டாம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. செத்த வீட்டில் சொல்லவே கூடாத அந்த வாக்கியம் முழுசாக அவள் வாயிலிருந்து வந்திருந்தது. ஆனால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. போவதும் நிஜம், வருவதும் நிஜம். தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் அதைச் சொல்லாமல் எழுந்து போவதுதான் பாவம் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது.

மோரின் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நடிப்பு முடிந்தது. இப்போது நான் உண்மையாகவே கேட்கிறேன். போன இரண்டு தடவையும் நீங்கள் ஏன் எழுந்து போனீர்கள்?"

சிவப்ரியா மறைக்கவில்லை. ஊர் வழக்கத்தைச் சொன்னாள், அதன் காரணத்தைச் சொன்னாள், அடுக்களைக்குப் போனதையும் சொன்னாள். மோரின் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"என்மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். "இரண்டு தடவையும் உங்கள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பத்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பூனை வந்து அதில் ஏறிப் படுத்தது." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடிதம் திங்கட்கிழமை வரும். அதுவரை உங்களைக் காக்க வைக்க எனக்கு மனசில்லை. வேலை உங்களுக்குத்தான்" என்றார்.

சிவப்ரியாவுக்கு அதற்குப் பிறகு எதுவும் ஒழுங்காகக் கேட்கவில்லை. நன்றி என்று எத்தனை தடவை சொன்னாளோ தெரியாது. குட்பை மட்டும் நாலு தடவை சொன்னாள். திரை அணைந்த பிறகும் ஒரு தடவை சொன்னாள். இவ்வளவு நாள் அந்த வார்த்தை எங்கே போய் ஒளிந்திருந்ததோ.

ஓடிப் போய்க் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. மறுபடியும் தள்ளினாள். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. இரண்டு கையாலும் தட்டினாள்.

"முடிஞ்சிட்டா? செத்தவரை அடக்கியாச்சா?" என்று வெளியிலிருந்து பொன்னுலிங்கத்தின் குரல் கேட்டது.

"தொறங்க அண்ணாச்சி."

"கட் ஆயிட்டுதான? நல்லாப் பாத்தியா?"

"கெடச்சிட்டு அண்ணாச்சி. வேலை கெடச்சிட்டு."

தாழ்ப்பாள் தடதடவென்று விழுந்தது. வாசலில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த பொன்னுலிங்கம், கல்லூரிக்கு மட்டம் போட்ட நந்தனா, அவர்களுக்குப் பின்னால் குளோரி. "நீ பழைய வழக்கத்துல எறங்கிப் போயிரப்பிடாதேன்னுதான் பூட்டுனேன்" என்றார் பொன்னுலிங்கம். "மிஸ் வேண்டாம்னுதான் சொன்னா. நெவர்தெலெஸ்." குளோரி சிவப்ரியாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு மாதமாக அவள் மனதில் கிடந்த பாரம் சிவப்ரியாவின் பாரத்துக்குக் குறைந்தது இல்லை. எழுதிக் கொடுத்த நாலு பக்கமும் வீண் என்று தெரிந்த நாளிலிருந்து அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

சிவப்ரியா படியில் உட்கார்ந்து சுனிலைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு. முதல் மணியிலேயே எடுத்தான். என்ன ஆயிற்று என்று கேட்கப் பயந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"கெடச்சிட்டுங்க" என்றாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ராஜினாமா லெட்டர எழுதுங்கோ" என்றாள். "ரெண்டு மாச நோட்டீஸ் குடுக்கணும்னு சொன்னேளே, நாளைக்கே எழுதிக் குடுத்திருங்கோ."

"அது எழுதியாச்சு" என்றான் சுனில்.

"எப்போ?"

"நீ ரெண்டாந் தடவை தோத்தேல்லா, அன்னைக்கு. எப்பிடியும் நீ ஜெயிப்பன்னு தோணிச்சு. எழுதி பர்சுல வச்சிட்டுதான் நடக்கேன். தேதி மட்டும் போடல." பர்சைத் திறக்கும் சத்தம் கேட்டது. "பேனா எடுத்துட்டேன். இன்னைக்கு என்ன தேதி சிவா?"

அவளுக்குத் தேதி நினைவுக்கு வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. தேதியை அவர் சொல்லட்டும் என்று போனைப் பொன்னுலிங்கத்தின் கையில் கொடுத்தாள்.